மிக்ஸி ஓடும் அரைமணி நேரம்

திரௌபதி தன் மகளிடம் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியதையெல்லாம் காலை ஏழு மணியிலிருந்து ஏழரைக்குள் சொல்லி முடித்துவிடுவாள். அந்த அரைமணி நேரம்தான் மிக்ஸி ஓடும். தேங்காய்ச் சட்னிக்குத் திட்டு, தக்காளிச் சட்னிக்கு ஊர் வம்பு, பொடி அரைபடும்போது சிரிப்பு. ஏழரை ஆனதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு பேரும் கப்சிப்பென்று ஆகிவிடுவார்கள். பேச்சில் பாதி மிச்சமிருந்தால் அது மறுநாளுக்கு.

செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஆசிரமத்துக்கு நடக்கிற தூரத்தில் அந்த விடுதி இருக்கிறது. பதினாலு அறைகள், மேலே தியானத்துக்கு ஒரு ஹால். சமையலும் பெருக்கித் துடைப்பதும் திரௌபதி. சமையலறைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒற்றை அறையில் அவளும் மகள் எழிலரசியும். சென்னையில் இருக்கும் ஓனர் ஒரு அட்டையில் விதிகளை அச்சடித்து, லேமினேட் செய்து, சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தார். பாத்திரம் உருட்டக் கூடாது. ரேடியோ, டிவி கூடாது. விருந்தினர்கள் காலை நடைக்குப் போகும் நேரத்தில் மட்டும் மிக்ஸி. வருகிறவர்கள் அமைதிக்காக வருகிறார்கள் என்று கடைசி வரியில் தடித்த எழுத்தில் இருந்தது. விமானம் ஏறி இவ்வளவு தூரம் வந்து சும்மா உட்காருவானேன் என்று கேட்டுவிட முடியாது. அவர்கள் சும்மா உட்காருவதில்தான் இவர்கள் அடுப்பு எரிகிறது.

எழில் இங்கே வந்தது நாலு வயதில். அவள் அப்பா கலையரசன் லாரியில் கிளீனராகப் போய் ஹூப்ளிப் பக்கம் விபத்தில் செத்துப்போன வருஷம். புது இடம், அப்பா இல்லை, குழந்தை அழாமல் என்ன செய்யும்? பத்தாம் நாளே ஓனரிடமிருந்து போன் வந்துவிட்டது.

"கொழந்த சத்தம் ஜாஸ்தியா இருக்குனு கம்ப்ளைண்ட் வருதும்மா. இன்னொரு தடவ வந்தா நான் வேற ஆள்தான் பாக்கணும்."

அன்று ராத்திரி திரௌபதி மகளை மடியில் உட்கார வைத்து ஒரு ஏற்பாடு செய்தாள். அழுகை வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும். காலையில் மிக்ஸி போட்டதும் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம். குழந்தை தலையாட்டியது. சொன்னபடியே அடக்கியது. ஆனால் காலையில் மிக்ஸி ஓடத் தொடங்கும்போது எதற்கு அழ நினைத்தோம் என்பது அதற்கு மறந்துபோயிருக்கும். வாயைத் திறந்துகொண்டு யோசித்தபடி நிற்கும். அதைப் பார்த்துத் திரௌபதிதான் அழுவாள்.

இப்படி வளர்ந்த பெண் எப்படி இருப்பாள்? கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்து மூடுவாள், கீல் கத்தாது. டம்ளரைக் கைத்துணி மேல் வைப்பாள். தும்மல் வந்தால் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அவள் பின்னால் வந்து நின்றால் திரௌபதிக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் அவளை நல்ல பெண் என்றார்கள், அதற்கு மேல் யாரும் அவளைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. ஒன்பது வருஷம் ஒரே பள்ளியில் படித்தும், வீட்டுக்குக் கூட்டி வர ஒரு சிநேகிதி கிடையாது. கூட்டி வந்தால்தான் எங்கே உட்கார வைப்பது, எப்படிப் பேசுவது?

பேச்சுதான் வளரவில்லை, உயரம் வளர்ந்துவிட்டது. பத்தாம் வகுப்புக்குப் போகும்போது ஐந்தடி எட்டங்குலம். பள்ளியின் பி.டி. டீச்சர் ஒரு நாள் அவளை நிறுத்தி மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேட்டவலம் ரோட்டுப் பக்கம் ஒரு வாலிபால் கிளப் இருக்கிறது, பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களுக்கு ஆள் எடுக்கிறார்கள், போய்ப் பார் என்றார்.

மறுநாள் மிக்ஸி ஓடும்போது எழில் அதை அம்மாவிடம் சொன்னாள்.

"வாலிபாலா? அடிபட்டா என்னாடி பண்றது?"

"அடிலாம் படாதுமா. சாயந்தரம் நாலரைலேர்ந்து ஆறு. ஆறரைக்கெல்லாம் வந்துடுவேன்."

"அங்க போயி என்னா பண்ணப்போற?"

எழில் யோசித்தாள். "பன்னெண்டு பேரு இருப்பாங்கமா," என்றாள்.

திரௌபதி மிக்ஸியை நிறுத்தாமல் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்னி அன்றைக்கு மாவாகிவிட்டது. ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமை எழில் கிளப்பில் சேர்ந்தாள்.

கிளப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மண்தரையில் இரண்டு கோர்ட், ஒரு தகரக் கொட்டகை. மாஸ்டர் மணிவேல் பகலில் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். மைதானத்துக்கு வந்து விசில் ஊதினால் பக்கத்துத் தெரு நாய்கள்கூட வரிசையில் நிற்கும். இருபது பெண்கள் பயிற்சிக்கு வந்தார்கள். அக்டோபரில் அவர்களிலிருந்து பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து டிசம்பரில் திருச்சியில் நடக்கும் கிளப் போட்டிக்குக் கூட்டிப் போவார். மற்ற எட்டுப் பேர் அடுத்த வருஷம் வரலாம், வயது இருந்தால். எழிலுக்கு அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும்.

ஆட்டம் அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. சத்தமில்லாமல் நடந்து பழகிய கால்கள், எந்தப் பக்கமும் சட்டென்று திரும்பின. எதிராளி சர்வீஸ் போடக் கையைத் தூக்கும்போதே பந்து எங்கே விழும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். போய் நின்று முன்கைகளைச் சேர்த்து நீட்டுவாள், பந்து அலுங்காமல் எழும்பிப் போகும். மாஸ்டர் முதல் மாதமே அவளைக் குறித்து வைத்துக்கொண்டார்.

ஆனால் வாலிபாலில் ஒரு வழக்கம் உண்டு. பந்து இரண்டு பேருக்கு நடுவில் வந்தால், எடுக்கப் போகிறவள் "என்து!" என்று கத்த வேண்டும். கத்தினால் மற்றவள் விலகிக்கொள்வாள். கத்தாவிட்டால் இரண்டு பேரும் போவார்கள், அல்லது இரண்டு பேரும் நிற்பார்கள். அந்தப் பெண்கள் எல்லோரும் விளையாடும்போது கத்திக்கொண்டே இருந்தார்கள். என்து, உன்து, விடு, வருது, மேல, பின்னாடி. எழில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கத்த வேண்டும் என்று தெரியாமல் இல்லை. பந்து வரும்போது நெஞ்சு வரைக்கும் அந்தச் சொல் வரும். அதற்கு மேல் வராது. பதினோரு வருஷமாகப் பூட்டியிருந்த கதவு, திற என்றால் திறந்துவிடுமா?

பெண்கள் அவளுக்கு சைலன்ட் மோட் என்று பெயர் வைத்தார்கள். "வைப்ரேஷன்கூட இல்லடி," என்று ஒருத்தி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். எழிலும் சிரித்தாள், சத்தம் வராமல். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். கெட்ட பெண்கள் இல்லை, கேலி செய்யும் வயது. அன்றைக்கு எழிலுக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. பெயர் வைக்கிற அளவுக்கு யாரோ தன்னைக் கவனித்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் வம்பு வந்தது. கேப்டன் ஆர்த்தியும் எழிலும் பின்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். சர்வீஸ் இரண்டு பேருக்கும் சரியாக நடுவில் வந்தது. ஆர்த்தி "என்து!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தாள். எழில் அதற்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தாள், ஆனால் அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு பேரும் மோதி விழுந்தார்கள். எழுந்தபோது ஆர்த்தியின் வலது கை மோதிர விரல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

ஆர்த்தி வலியில் கத்தினாள். எழில் பக்கத்தில் மண்டியிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னித்துக்கொள் என்றாவது சொல்லியிருக்கலாம். சொன்னாள், ஆனால் யார் காதிலும் விழவில்லை.

"வாயத் தொறந்து ஒரு சாரிகூட சொல்ல மாட்டாளா? இன்னா திமிரு பாரு," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

விரல் எலும்பில் கீறல். ஆறு வாரம் கட்டு. அன்றிலிருந்து யாரும் எழிலைக் கேலி செய்யவில்லை. அவள் கொட்டகையில் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போனார்கள். ஜோடி சேர்ந்து பந்து போட்டுப் பழகும்போது அவளுக்கு ஜோடி கிடையாது. மைதானத்துச் சுவரில் அடித்து, திரும்பி வருவதைப் பிடித்து, மறுபடி சுவரில் அடித்தாள். வீட்டில் பேச்சில்லாமல் இருப்பது ஒரு மாதிரி, இருபது பேர் பேசுகிற இடத்தில் பேச்சில்லாமல் இருப்பது வேறு மாதிரி. முதலாவது பழகிப்போனது. இரண்டாவது பழகவே இல்லை.

செப்டம்பர் தொடக்கத்தில் மாஸ்டர் அவளைக் கூப்பிட்டார்.

"பந்து எங்க வரும்னு உனக்குத் தெரியுதும்மா. நீ எங்க இருக்கனு மத்தவங்களுக்குத் தெரியல. கூப்பிடாத பொண்ண நான் டீம்ல வெச்சிக்க முடியாது. இன்னொரு விரல் போச்சுன்னா அவங்கப்பாம்மாவுக்கு நான்தான் பதில் சொல்லணும். அடுத்த மாசம் செலக்‌ஷன். அதுக்குள்ள பாத்துக்க."

பழகுவது என்றால் எங்கே போய்ப் பழகுவது? விடுதியில் முடியாது. சந்தில் கத்தினால் ஓனருக்குப் போன் போகும். மிக்ஸி ஓடும்போது முயன்று பார்த்தாள். "என்து" என்றாள், அம்மா திரும்பி "இன்னாடி உன்து?" என்று கேட்டாள், அதோடு கூச்சம் வந்து நின்றுவிட்டது. தலையணையில் முகத்தை அழுத்திக் கத்திப் பார்த்தாள். ஊருக்கே மலை இருக்கிறது, மலைமேல் ஏறிக் கத்தலாம் என்றால் அங்கேயும் பாறைக்குப் பாறை கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

பௌர்ணமி வந்தது. விடுதி நிரம்பி வழிந்தது. திரௌபதிக்குத் தலைக்கு மேல் வேலை. சாயங்காலம் ஆறரைக்கு எழில் குப்பையைக் கொட்டச் செங்கம் ரோட்டு முனைக்கு வந்தாள். சாலை முழுக்க ஜனம். பஸ், ஆட்டோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டிருந்தார்கள். செருப்பில்லாத லட்சம் கால்கள் மலையை வலது கைப்பக்கம் வைத்து நடந்துகொண்டிருந்தன. நாலு அடிக்கு ஒரு குழு "அண்ணாமலையாருக்கு" என்று எடுக்க, சுற்றியிருந்தவர்கள் "அரோகரா" என்று முடித்தார்கள். யார் கத்துகிறார்கள் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எழில் வாளியைக் கரண்ட் கம்பத்தோரம் வைத்தாள், செருப்பைக் கழற்றி வாளிக்குள் போட்டாள், கூட்டத்துக்குள் இறங்கினாள்.

முதலில் எல்லோரோடும் சேர்ந்து அரோகரா சொன்னாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை, அதனால் கொஞ்சம் ஏற்றினாள். இன்னும் கொஞ்சம். பிறகு அடுத்த அரோகரா எழும்பியபோது அதோடு சேர்த்து அவள் "என்து!" என்று கத்தினாள்.

அவளே பயந்துபோனாள். கனத்த குரல். அப்பாவுக்கு அப்படித்தான் என்று அம்மா ஒரு முறை சொன்னது ஞாபகம் வந்தது. மறுபடி கத்தினாள். "என்து! என்து!" முன்னால் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போன ஒரு அம்மாள் சட்டென்று ஓரமாக ஒதுங்கி, "போம்மா தாயி, நீயே மொதல்ல போ. இன்னா அவசரமோ உனக்கு," என்றாள். எழில் கத்திக்கொண்டே நடந்தாள். அடி அண்ணாமலை தாண்டும்வரை கத்தினாள். கண்ணீர் வழிந்தது. பக்தி என்று நினைத்துப் பக்கத்தில் வந்தவர் ஒருவர் அவளைக் கும்பிட்டார். அன்றைக்கு அழவிடாமல் அடக்கி, மறுநாள் மறந்துபோன எத்தனையோ அழுகைகள் உள்ளே கிடந்திருக்கும் போலிருக்கிறது.

முழுச் சுற்றும் சுற்றி வீட்டுக்கு வந்தபோது திரௌபதி பதறிப்போய் நின்றிருந்தாள். திட்ட முடியாது, மேலே தியானம். கையைப் பிடித்து அழுத்தினாள், அவ்வளவுதான். திட்டு மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிடைத்தது, இரண்டு சட்னிக்கும் சேர்த்து.

அக்டோபர் இரண்டாவது ஞாயிறு மதியம் செலக்‌ஷன். இரண்டு அணியாகப் பிரித்து ஆட விட்டார் மாஸ்டர். ஆர்த்தி விரலைச் சேர்த்து டேப் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். மாஸ்டர் வேண்டுமென்றே இரண்டு பேரையும் பின்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினார். ஆர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாலாவது சர்வீஸ் அதே இடத்துக்கு வந்தது. இரண்டு பேருக்கும் நடுவில்.

"என்து!"

பக்கத்துக் கோர்ட்டில் ஆடிய பையன்கள்கூடத் திரும்பினார்கள். ஆர்த்தி டேப் சுற்றிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். மற்றவர்களும் விலகினார்கள். எழில் போய் நின்றாள். சுற்றிலும் காலி மண். அந்தக் கண நேரத்தில் அவளுக்கு ஒன்று தோன்றியது. கத்தினால் எல்லோரும் பக்கத்தில் வந்துவிடுவார்கள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தோம், கத்தினால் விலகிப் போகிறார்களே என்று. பந்து கையில் விழுந்தது. நேராக, பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரிடம் போனது. ஆர்த்தி முன்னால் ஓடி வந்து, டேப் சுற்றிய கையாலேயே பாயிண்ட் எடுத்தாள்.

அதற்குப் பிறகு எழில் நிறுத்தவே இல்லை. இரண்டரை மணி நேரம். என்து, உன்து, வருது, விடு, பின்னாடி. கடைசி செட்டில் குரல் கம்மிவிட்டது, பிறகு கீச்சிட்டது, பிறகு காற்றுதான் வந்தது. அப்போதும் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

மாஸ்டர் பெயர்களைப் படித்தார். பதினோராவது பெயர் எழிலரசி.

"தொண்டையாடி அது, கோயில் ஸ்பீக்கரு?" என்றாள் ஆர்த்தி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. இரண்டு மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு. எழில் பதில் சொல்ல வாயெடுத்தாள், வெறும் காற்று. ஆர்த்தி கொஞ்சம் பார்த்துவிட்டு, அப்பாவின் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். மற்ற பெண்கள் ஆளுக்கொரு போனை எடுத்து அம்மாவிடம், அத்தையிடம், மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழிலிடம் போன் இல்லை. ஷேர் ஆட்டோவில் பூக்கூடைக்கும் ஒரு காய்கறி மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாத சந்தோஷத்தை மடியில் பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். நல்ல சேதியைத் தனியாகச் சுமந்து வருவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

விடுதியில் பத்து நாள் மௌனத்துக்கு ஒரு கூட்டம் வந்து இறங்கியிருந்தது. ஆறு மணி. முப்பது பேர் மேலே ஹாலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல்கள் திறந்திருந்தன. திரௌபதி சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் எழுந்து புருவத்தைத் தூக்கினாள். எழில் தலையை ஆட்டினாள், ஆமாம் என்று.

திரௌபதிக்கு அது போதவில்லை. தலையாட்டல் எதற்குப் போதும், டீயில் சர்க்கரை போடவா என்பதற்குப் போதும். மகளையே பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், சுவரில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து காலி ஜாரை எடுத்து மிக்ஸியில் பொருத்தி, குமிழை மூன்றுக்குத் திருப்பினாள். ஜாரில் ஒன்றுமே இல்லை. மிக்ஸி அலறியது.

"சொல்லுடி!" என்றாள்.

எழில் வாயைத் திறந்தாள். "பதினோ," என்று உதடு அசைந்தது. குரல் இல்லை. தொண்டையைப் பிடித்துக் காட்டினாள், பத்து விரலையும் பிறகு ஒற்றை விரலையும் காட்டினாள், பிறகு முடியாமல் அழத் தொடங்கினாள். மிக்ஸி ஓடுகிறது, அழலாம். ஆனால் அழுகைக்கும் சத்தம் வரவில்லை.

திரௌபதிக்குப் புரிந்துவிட்டது. பதினோரு வருஷம் இந்தக் குழந்தையின் வாயை மூடியது அவள்தான். திறந்துகொண்டு வந்து நிற்கிற நாளில் குரல் இல்லை. மகளின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவளுக்குப் பதிலாக அவளே கத்தினாள்.

"எம் பொண்ணு டீம்ல இருக்கா! எம் பொண்ணு..."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. லைட்டுக்கும் ஃபேனுக்கும் இன்வர்ட்டர் உண்டு. மிக்ஸி பிளக்குக்குக் கிடையாது. மிக்ஸி ஒரு முனகலோடு நின்றது, திரௌபதியின் குரல் நிற்கவில்லை.

"...எழிலரசி!"

படிக்கட்டு வழியாக அது மேலே ஏறிப் போனதை இரண்டு பேரும் கேட்டார்கள். மேலே நாற்காலி ஒன்று நகர்ந்தது. ஹால் ஜன்னலில் ஒரு வெள்ளைக்காரர் தலையை நீட்டிக் கீழே பார்த்தார். எழில் அம்மாவின் வாயைப் பொத்தக் கையைத் தூக்கினாள். பழக்கம்.

திரௌபதி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். ஜன்னலைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள்.

"எம் பொண்ணு," என்றாள் மறுபடியும், மிக்ஸி இல்லாமல்.